விசில் ஊதினால் கூட்டம் கூடும்

பாலுறவு வழியாக எச்.ஐ.வி. எப்படித் தொற்றுகிறது, உடம்பு அதை எப்படி எதிர்கொள்கிறது என்று போன மாதம் இரண்டே பத்தி எழுதினேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டேன். பலரும் கூச்சத்தோடுதான் கேட்டிருக்கிறீர்கள். கூச்சத்தை மீறிக் கேட்டீர்களே, அதற்காக முதலில் என் நன்றி.

கே: ஒரே ஒரு தடவை தவறினால்கூட எச்.ஐ.வி. வந்துவிடுமா டாக்டர்? (ஓமலூர்)

ப: வரலாம். ஆனால் வராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். தொற்றுள்ள, மருந்து எடுக்காத ஆணோடு ஆணுறை இல்லாமல் உறவு கொள்ளும் பெண்ணுக்குப் பத்தாயிரம் தடவையில் சுமார் 8 தடவை தொற்றும். பெண்ணிடமிருந்து ஆணுக்குச் சுமார் 4 தடவை. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு 138. தொற்றுள்ள ரத்தத்தை ஏற்றினாலோ 9,250!

வைரஸ் ஒன்றேதான். பிறகு ஏன் மலைக்கும் மடுவுக்குமான இந்த வித்தியாசம்? ரத்தம் ஏற்றும்போது வைரஸ் நேராக நடுவீட்டில் போய் இறங்கிவிடுகிறது. உறவின்போது அது வாசலில் வந்து நிற்கிறது. வாசலில் காவல் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவையெல்லாம் சராசரிக் கணக்கு. புண் இருந்தால், அழற்சி இருந்தால், துணைக்குத் தொற்று புதிதாக வந்து ரத்தத்தில் வைரஸ் பொங்கிக்கொண்டிருந்தால், கணக்கு எகிறிவிடும். "ஒரே தடவைதான் டாக்டர்" என்று என் எதிரே உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு. அந்த எட்டில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டாம்.

கே: வாசலில் காவல் என்கிறீர்களே, அங்கே யார் யார் நிற்கிறார்கள்? (திருச்சி, கல்லூரி மாணவி)

ப: நம் உடம்பில் இரண்டு படை உண்டு. ஒன்று, எதிரியின் முகத்தைப் பார்த்துப் பழகி, அவனுக்கென்றே ஆயுதம் செய்யும் படை. ஆன்டிபாடி எல்லாம் அதன் வேலை. அது கிளம்பி வர வாரக்கணக்கில் ஆகும். மற்றது பிறக்கும்போதே கூட வந்த படை. உங்கள் பாடத்தில் 'இன்னேட் இம்யூனிட்டி' என்று படித்திருப்பீர்கள். நான் பிறவிக் காவல் என்கிறேன். வந்தவன் யாரென்று அதற்குத் தெரியாது, அந்நியன் என்று மட்டும் தெரியும். நிமிடங்களிலும் மணிகளிலும் வேலையை ஆரம்பித்துவிடும்.

பெண்ணுறுப்பையே எடுத்துக்கொள்வோம். முதலில் சளிப் படலம். கோந்துபோல வைரஸை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அங்கே லாக்டோபேசில்லஸ் என்னும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தயிரைப் புளிக்க வைப்பவற்றுக்கு நெருங்கிய சொந்தம். அவை சுரக்கும் லாக்டிக் அமிலத்தால் அந்த இடம் புளிப்பாகவே இருக்கும். எச்.ஐ.வி.க்குப் புளிப்பு ஆகாது. ஆனால் விந்து காரத்தன்மை உள்ளது. அது வந்து விழுந்ததும் சில மணி நேரம் புளிப்பு அடங்கிவிடுகிறது. வைரஸுக்குக் கிடைக்கும் முதல் சலுகை அது.

அடுத்தது செல்களால் ஆன சுவர். பெண்ணுறுப்பில் பல அடுக்கு, கருப்பைவாயின் உட்குழலிலும் ஆசனவாய்க்கு உள்ளேயும் ஒரே அடுக்கு. முன் கேள்வியில் பார்த்த 138க்கு ஒரு பெரிய காரணம் இந்த ஒற்றைச் சுவர்தான். சுவரின் செல்களே டிஃபென்சின் போன்ற புரதங்களைச் சுரந்து வைரஸைத் தாக்கும். சுவருக்கு உள்ளே ரோந்து போகும் செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் அடுத்த கடிதம்.

கே: கணையத்தில் 'லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்' என்று படித்தேன். இப்போது தோலில் 'லாங்கர்ஹான்ஸ் செல்' என்கிறீர்கள். ஒரே ஆளா? (காரைக்குடி, பிளஸ் டூ மாணவர்)

ப: ஒரே ஆள்தான் தம்பி. பால் லாங்கர்ஹான்ஸ், ஜெர்மானியர். 1868ல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோது, தோலில் கிளை கிளையாகக் கை நீட்டிய செல்களைப் பார்த்து எழுதினார். அப்போது அவருக்கு 21 வயது. கணையத் திட்டுகளை அடுத்த ஆண்டே கண்டார். தோலில் பார்த்தவற்றை நரம்பு செல்கள் என்று நினைத்துவிட்டார். அவை காவல் செல்கள் என்று தெரியவர நூறு ஆண்டுக்கு மேல் ஆனது.

எச்.ஐ.வி. கதையில் இவற்றுக்கு முக்கிய இடம் உண்டு. இவற்றின் மேல் லாங்கரின் என்றொரு புரதக் கொக்கி இருக்கிறது. சுவருக்குள் நுழைந்த வைரஸை அந்தக் கொக்கி மாட்டி உள்ளே இழுத்து, டென்னிஸ் மட்டை வடிவில் இருக்கும் சிறு பைகளில் போட்டுச் சிதைத்துவிடும். 2007ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அதுவரை இந்தச் செல்களை வைரஸுக்கு வழிவிடும் துரோகிகள் என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

முழுக்கத் தவறான நினைப்பும் இல்லை. வைரஸ் வெள்ளமாக வந்தாலோ, அங்கே ஏற்கெனவே அழற்சி இருந்தாலோ, கொக்கி திணறும். சிதைக்க முடியாத வைரஸ் பக்கத்து செல்லுக்குக் கைமாறிவிடும். சுவரின் அடித்தளத்தில் டென்ட்ரிட்டிக் செல் என்று ஒன்று இருக்கிறது. அது வேறொரு கொக்கியால் வைரஸைப் பிடித்து, சிதைக்காமல் நிணநீர் முடிச்சு வரை சுமந்துபோய்ச் சேர்த்துவிடும். எதிரியைப் பிடித்தேன் என்று தலைமையகத்துக்குக் காட்டப் போகிறது. போன இடத்தில் வைரஸ் இறங்கிக்கொள்கிறது.

கே: இவ்வளவு காவல் இருந்தும் வைரஸ் எப்படித்தான் ஜெயிக்கிறது? (புதுச்சேரி)

ப: மிக முக்கியமான கேள்வி. பொறுமையாகப் படியுங்கள்.

ஆண் பெண் உறவில் தொற்று வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு, உள்ளே வேர்விட்டது ஒரே ஒரு வைரஸ்தான் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. எத்தனையோ வைரஸ் வந்து ஒன்றுதான் தேறியிருக்கிறது. அந்த ஒன்றும் ரத்தத்தில் தென்படச் சுமார் பத்து நாள் ஆகிறது. அந்தப் பத்து நாளும் நுழைந்த இடத்திலும் பக்கத்து நிணநீர் முடிச்சிலும் வைரஸ் ஒரு சிறு திட்டாக, எந்த நேரமும் அணைந்துபோகக்கூடிய தீப்பொறிபோல இருக்கிறது. அது பெருந்தீயாக விறகு வேண்டும்.

விறகு எது? சிடி4 டி செல்கள். நோய் எதிர்ப்புக்கே தலைமை தாங்கும் செல்கள். எச்.ஐ.வி. புகுந்து பெருகுவது இவற்றுக்குள்தான். அதிலும் சும்மா தூங்கும் செல்லைவிட, கிளர்ந்தெழுந்து வேலையில் இருக்கும் செல்தான் அதற்கு வேண்டும்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி ஹாஸ் என்ற அறிஞரின் குழு, குரங்குகளுக்கு வரும் எஸ்.ஐ.வி. என்ற உறவுக்கார வைரஸை வைத்து, அந்த முதல் நாட்களில் நடப்பதை உற்றுப் பார்த்தது. 2009ல் வெளியிட்டார்கள். வைரஸ் பட்டதும் கருப்பைவாய்ச் சுவரின் செல்கள் ஒரு ரசாயனச் சைகை அனுப்புகின்றன. அதை விசில் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டு ஒரு வகைக் காவல் செல்கள் ஓடி வருகின்றன. வந்ததும் இன்டர்ஃபெரான் சுரக்கின்றன. வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கும் பொருள் அது. நல்ல காரியம். கூடவே 'இன்னும் ஆள் வேண்டும்' என்று அடுத்த விசிலையும் ஊதிவிடுகின்றன. அதைக் கேட்டுக் கூட்டமாக வந்து சேர்பவை யார்? சிடி4 டி செல்கள்!

ஓநாயை விரட்ட ஆட்டு மந்தையை அனுப்பியதுபோல ஆகிவிடுகிறது. வேறு எந்தக் கிருமி வந்திருந்தாலும் இது சரியான போர்முறைதான். பல லட்சம் ஆண்டுகளாக நம்மைக் காத்த முறை. எச்.ஐ.வி. என்னும் ஒரு கிருமிக்கு முன்னால் மட்டும் அதே முறை விறகு அடுக்கிக் கொடுக்கிறது.

கே: அப்படியானால் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் கஷாயம், மாத்திரை எல்லாம் சாப்பிட்டால் எச்.ஐ.வி. வராதுதானே? (கோவை)

ப: மேலே உள்ள பதிலை இன்னொரு முறை படியுங்கள் ஐயா. எதிர்ப்பைக் கூட்டினால் போதும் என்பது இங்கே செல்லாது. இன்டர்ஃபெரானையே ஊசியாகக் குரங்குகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2014ல் வந்த ஆய்வு. ஆரம்பத்தில் தொற்று தடுக்கப்பட்டது. தொடர்ந்து போட்டதும் உடம்பு அதற்கு மரத்துப்போய், பிறகு தொற்று வந்தபோது நிலைமை மோசமானது. சிடி4 செல்கள் வேகமாக அழிந்தன. அதே ஆய்வில் இன்டர்ஃபெரானைத் தடுத்துவைத்த குரங்குகளும் சீக்கிரமே நலிந்தன. சரியான நேரத்தில், சரியான அளவு. இரண்டில் எது பிசகினாலும் கெடுதல்தான். கஷாயத்தை உடம்புக்குப் பிடித்தால் குடியுங்கள். ஆணுறைக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள்.

கே: தேங்காய் எண்ணெயில் உள்ள ஒரு பொருள் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? (நாகர்கோவில்)

ப: வதந்திக்குள்ளும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. விசில் கதை சொன்ன அதே மினசோட்டா குழு, விசிலையே அடக்கினால் என்ன என்று யோசித்தது. கிளிசரால் மோனோலாரேட் என்ற பொருளைக் குரங்குகளின் பெண்ணுறுப்பில் தடவிவிட்டு வைரஸைச் செலுத்தினார்கள். தடவிய ஐந்துக்கும் உடனடித் தொற்று தெரியவில்லை. தடவாத ஐந்தில் நான்குக்கு வந்தது. அந்தப் பொருள் லாரிக் அமிலத்திலிருந்து வருவது. லாரிக் அமிலம் தேங்காய் எண்ணெயில் ஏராளம். அவ்வளவுதான் தொடர்பு.

எண்ணெய் வேறு, அந்தப் பொருள் வேறு. பத்துக் குரங்குகளில் பார்த்தது மனிதருக்கு மருந்தாகிவிடவில்லை. அதைவிட முக்கியம், லேட்டக்ஸ் ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் சேர்ந்தால் உறை சில நிமிடங்களில் நைந்து கிழியும். காக்கிறேன் என்று தடவினால், இருக்கும் காப்பும் போய்விடும். நாகர்கோவிலிலிருந்து கேட்டதால் அழுத்தியே சொல்கிறேன்: எண்ணெய் வேண்டாம், தண்ணீரால் ஆன ஜெல் போதும்.

கே: உறவுக்கு முன் தடவிக்கொள்ள வைரஸைக் கொல்லும் ஜெல் கண்டுபிடிக்கவே முடியவில்லையா? (சென்னை, மருந்துக் கடை ஊழியர்)

ப: முப்பது ஆண்டுப் போராட்டம் அது. நான் மனம் நொந்து படித்த பக்கமும் அதுதான்.

நோனாக்சினால்-9 என்று ஒரு பொருள். விந்தணுவைக் கொல்வதற்காகக் கருத்தடை ஜெல்களில் பல காலமாக இருந்தது. சோதனைக் குழாயில் எச்.ஐ.வி.யையும் கொன்றது. பெனின், ஐவரி கோஸ்ட், தென் ஆப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2000ல் டர்பனில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வந்தது. மருந்து ஜெல் பயன்படுத்தியவர்களில் 59 பேருக்குத் தொற்று, வெறும் ஜெல் பயன்படுத்தியவர்களில் 45 பேருக்கு. காக்க வந்தது கெடுத்திருந்தது. அது சோப்பு மாதிரியான பொருள். வைரஸின் தோலை உரித்ததுபோலவே பெண்ணின் சுவரையும் உரித்தது. சுவர் புண்ணானதும் விசில், விசிலுக்குக் கூட்டம். அடுத்து செல்லுலோஸ் சல்பேட் ஜெல். அந்தச் சோதனை நடந்த இடங்களில் நம் சென்னையும் ஒன்று. 2007 ஜனவரியில், பலனில்லை, கெடுதல் இருக்கலாம் என்ற கவலையில் நிறுத்தினார்கள்.

2010ல்தான் முதல் வெளிச்சம். தென் ஆப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் குவாரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் தம்பதி 889 பெண்களிடம் டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த ஜெல்லைச் சோதித்தார்கள். தொற்று 39 சதவீதம் குறைந்தது. பாதிக்கும் குறைவுதானே என்று விட்டுவிடாமல், சேமித்த மாதிரிகளை எடுத்து, 'மற்றவர்களுக்கு ஏன் பலிக்கவில்லை' என்று அந்தக் குழு வருடக்கணக்கில் தோண்டியது. நான் கும்பிட நினைக்கும் உழைப்பு அது. விடை என்ன தெரியுமா? பெண்ணுறுப்பில் அழற்சி இருந்தவர்களுக்கு எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல். அழற்சி இல்லாத பெண்களுக்கு அந்த ஜெல் 57 சதவீதம் காத்தது. அழற்சி இருந்தவர்களுக்கு 3 சதவீதம். மருந்து அதே மருந்துதான். அது போய்ச் சேர்ந்த இடம் எரிந்துகொண்டிருந்தது.

கே: எனக்கு இரண்டு வருடமாக வெள்ளைப்படுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. இதற்கும் நீங்கள் எழுதுவதற்கும் சம்பந்தம் உண்டா? (மதுரை பக்கம் ஒரு கிராமம்)

ப: உண்டு அம்மா. நல்ல வேளை கேட்டீர்கள்.

என்னிடம் வரும் பெண்கள் முதலில் தலைவலி என்பார்கள், அசதி என்பார்கள். கணவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினால்தான், முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே, "உடம்புச் சூடுங்க, இளநி குடிச்சா சரியாப் போயிடும்னு மாமியார் சொன்னாங்க" என்று ஆரம்பிப்பார்கள். எத்தனை நாளாக என்று கேட்டால் வருடக் கணக்கு வரும்.

மணமில்லாத, அரிப்பில்லாத, மாத விலக்கின் நாட்களுக்குத் தக்கபடி கூடிக் குறையும் வெள்ளை இயல்பானது. அதற்குப் பயப்பட வேண்டாம். மீன் வாடை, அரிப்பு, மஞ்சள் பச்சை நிறம், அடிவயிற்று வலி இருந்தால் அது நோய். பெரும்பாலும் நடப்பது, புளிப்பு தரும் நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகிவிடுவது. அந்த மற்றவை பிறவிக் காவலைச் சதா சீண்டிக்கொண்டே இருக்கும். வெளியே தெரியாது. உள்ளே விசில் ஓயாது.

டர்பனுக்குப் பக்கத்தில் உம்லாசி என்ற ஊரில் 18 முதல் 23 வயது வரை உள்ள பெண்களுக்கு வேலைப் பயிற்சி கொடுத்துக்கொண்டே, வாரம் இரண்டு முறை விரல் நுனி ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஒரு திட்டம் நடந்தது. 2017ல் அதன் முடிவு வந்தது. லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் என்ற புளிப்புப் பாக்டீரியா நிறைந்திருந்த பெண்கள் ஒருவருக்கும் எச்.ஐ.வி. வரவில்லை. கலவையான பாக்டீரியா பெருகியிருந்தவர்களுக்கு நான்கு மடங்கு அதிகமாக வந்தது. அவர்களுடைய சுவரில் கிளர்ந்த சிடி4 செல்களும் அதிகம்.

ஆகவே உடனே அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கோ, பெண் மருத்துவரிடமோ போங்கள். மருந்து பெரும்பாலும் ஒரு வாரம்தான். சில தொற்றுகளுக்குக் கணவருக்கும் சேர்த்துத் தருவார்கள். அவரையும் சாப்பிட வையுங்கள். உங்களுக்கு எச்.ஐ.வி. வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. உங்கள் வாசல் காவலை அமைதிப்படுத்தச் சொல்கிறேன்.

கே: உறவு முடிந்ததும் சோப்பு, டெட்டால் போட்டு உள்ளே கழுவினால்? (சேலம்)

ப: வேண்டவே வேண்டாம். நல்ல பாக்டீரியாவைக் கழுவித் தள்ளி, சுவரையும் எரித்துவிடும். நோனாக்சினால் கதைதான் திரும்ப நடக்கும். வெளியே மட்டும் சாதாரணத் தண்ணீர் போதும்.

கே: பிறப்புறுப்பில் அக்கி மாதிரிக் கொப்புளம் வந்து ஆறிவிட்டது. இனி பயமில்லையே? (தூத்துக்குடி, லாரி ஓட்டுநர்)

ப: கண்ணுக்கு ஆறிவிட்டது. அது ஹெர்ப்பிஸாக இருந்தால் காவல் இன்னும் கலையவில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் புண் ஆறிய இடத்துத் தோலைத் துளி எடுத்து வாரக்கணக்கில் பார்த்தார்கள். சிடி4 செல்கள் மாதக்கணக்கில் அங்கேயே முகாமிட்டிருந்தன, மாத்திரை தினமும் சாப்பிட்டபோதும். அந்தச் செல்களில் எச்.ஐ.வி. மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகப் பெருகியது. ஹெர்ப்பிஸ் மாத்திரை கொடுத்து எச்.ஐ.வி.யைத் தடுக்க முயன்ற பெரிய ஆய்வுகள் 2008ல் ஏன் தோற்றன என்பதற்கு அதுவே விளக்கமானது. மாத்திரை புண்ணை ஆற்றியது, கூட்டத்தைக் கலைக்கவில்லை. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வண்டியில் முதலுதவிப் பெட்டி வைத்திருப்பீர்கள் அல்லவா, அதில் ஆணுறையும் இருக்கட்டும்.

கே: சுன்னத் செய்தவர்களுக்கு எச்.ஐ.வி. வராது என்கிறார் நண்பர். (வாணியம்பாடி)

ப: வராது என்பது தவறு, குறையும் என்பது சரி. தென் ஆப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் என்று மூன்று இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்களிடம் ஆய்வு செய்தார்கள். பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது சுமார் 60 சதவீதம் வரை குறைந்தது. 2007ல் உலக சுகாதார நிறுவனமும் தொற்று மிகுந்த நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. முன்தோலின் உட்பக்கம் ஈரமானது, மெல்லியது, வைரஸ் விரும்பும் செல்கள் நிறைந்தது. அதற்கடியில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அங்கேயும் விசிலை ஊதவைக்கின்றன. ஆனால் இது ஆணைக் காப்பது. தொற்றுள்ள ஆணிடமிருந்து மனைவியை நேராகக் காக்காது. ஆணுறைக்கு விடுமுறை கொடுக்க முடியாது.

கே: முத்தத்தால் வருமா? (பெயரும் ஊரும் எழுதவில்லை)

ப: வராது. உமிழ்நீரில் வைரஸை முடக்கும் புரதங்கள் இருக்கின்றன. இருவர் வாயிலும் ரத்தம் கசியும் புண் இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள்.

கே: சிலருக்கு எத்தனை முறை வைரஸ் பட்டாலும் தொற்றுவதே இல்லையாமே? (கும்பகோணம்)

ப: உண்மை. நைரோபியின் குடிசைப் பகுதியில் பாலியல் தொழில் செய்த பெண்களைக் கனடா நாட்டு மருத்துவர் ஃபிராங்க் பிளம்மரும் கென்ய நண்பர்களும் 1980களிலிருந்து கவனித்தார்கள். பலருக்குத் தொற்று வந்தது. ஒரு சிலருக்கு வருடக்கணக்கில் வரவே இல்லை. அவர்கள் உடம்பில் படை பெருத்திருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். பார்த்தால், அவர்களின் சிடி4 செல்கள் மற்றவர்களுடையதைவிட அடங்கி ஓய்ந்திருந்தன. அழற்சியைத் தணிக்கும் புரதங்கள் அவர்களின் சளிப் படலத்தில் கூடுதலாக இருந்தன. கலவரமில்லாத வாசல். வைரஸ் வந்து பார்த்தால் விறகில்லை.

அவர்களில் சிலர் தொழிலிலிருந்து சில காலம் விலகிவிட்டுத் திரும்பியபோது தொற்றுக்கு ஆளானார்கள். அந்த வரம் நிரந்தரமில்லை. எனவே "எனக்கு வராது" என்ற தைரியம் யாருக்கும் வேண்டாம்.

கே: வைரஸ் காவலின் கண்ணில் மண்ணைத் தூவ வழியே இல்லாமல் செய்ய முடியாதா? (மன்னார்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: நல்ல இடத்தைத் தொட்டீர்கள் ஐயா. செல்லுக்குள் நுழைந்தபின் வைரஸ் தன் மரபுப்பொருளைப் புரதக் கூடு ஒன்றுக்குள் மறைத்துவைத்தே நகர்கிறது. அந்நிய டி.என்.ஏ.வைக் கண்டால் கூச்சலிடும் காவல் புரதங்கள் செல்லுக்குள்ளும் உண்டு. கூடு இருப்பதால் அவற்றுக்குத் தெரிவதில்லை. இப்போது அந்தக் கூட்டையே குறிவைக்கும் மருந்து வந்துவிட்டது. லெனகாபாவிர் என்று பெயர். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்று 2024ல் அறிவித்தார்கள். பூஜ்யம்! அமெரிக்காவில் 2025 ஜூனில் தடுப்பு மருந்தாக அனுமதி கிடைத்தது. ஏழைப் பெண்களின் உடம்பில் சோதித்த மருந்து ஏழைப் பெண்களுக்கு எட்டும் விலையில் வந்தாக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கே: நேற்று இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. கை நடுங்குகிறது. என்ன செய்வது? (மின்னஞ்சல், ஊர் வேண்டாம்)

ப: உங்களுக்கு அப்போதே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே: 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் 28 நாள் மாத்திரை தொற்றைத் தடுக்க முடியும். மூன்று நாள் இருக்கிறதே என்று தள்ளாதீர்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். முன்பு சொன்ன தீப்பொறி நினைவிருக்கிறதா? அது சிறிதாக இருக்கும்போதே அணைப்பதற்குத்தான் இந்த மாத்திரை. அரசு மருத்துவமனைக்கோ, எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கோ இன்றே ஓடுங்கள். ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

கே: என் கணவருக்கு எச்.ஐ.வி. மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார். எனக்கு இல்லை. குழந்தை ஆசைப்படலாமா? (தர்மபுரி)

ப: ஆசைப்படலாம் தங்கையே. மருந்தை ஒருநாளும் விடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உறவு வழியாகத் தொற்றாது. 1,763 தம்பதிகளை வைத்து ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்வில் இது முதலில் உறுதியானது, 2011ல். அந்தத் தம்பதிகளில் சென்னைக்காரர்களும் இருந்தார்கள். பிறகு ஐரோப்பாவில் ஆணுறை இல்லாத சுமார் 58,000 உறவுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அப்படி மருந்தெடுத்த துணையிடமிருந்து ஒரு தொற்றுகூட வரவில்லை. ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போய், வைரஸ் அளவு பார்த்து, நாள் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கே: பரிசோதனைக்குப் போக ஆசைதான். யாராவது பார்த்துவிட்டால்? (விழுப்புரம்)

ப: உங்கள் பயம் எனக்குத் தெரியும். ஒரு மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைத்திருந்ததை நானே கிழித்துப் போட்டிருக்கிறேன். அப்படி எழுதுவதை இன்று சட்டம் தடுக்கிறது.

1986ல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் சேகரித்து வேலூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். கை நீட்டி ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களால்தான் நாடே விழித்தது. அன்று அவர்களைக் காக்க ஒரு மாத்திரைகூட இல்லை, ஒரு சட்டமும் இல்லை. இன்று உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன. 2017ல் வந்த எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதமில்லாமல் சோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது.

அரசு மருத்துவமனையில் 'நம்பிக்கை மையம்' என்று எழுதிய அறையைத் தேடிப் போங்கள். சோதனைக்குக் காசில்லை. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணை அழையுங்கள். அதுவும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.